விலை தெரியும் முன்னே போட்ட கையெழுத்து

செப்டம்பரில் தமிழ்ப் பள்ளி திறந்ததும், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர்களிடையே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும். "உங்க பையன் இந்த வருஷம் சீனியர் ஆச்சே, ஈ.டி. போடறீங்களா?" சீனியர் என்றால் பள்ளியில் கடைசி வருடம். ஈ.டி. என்றால் எர்லி டிசிஷன், இடம் கிடைத்தால் அங்கேயே சேருகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது. நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசன் பக்கம், 'ஆமாம்' என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்தக் காலேஜ் என்பதுதான். எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். 2021-ல் எங்களையும் யாரும் கேட்கவில்லை. நானும் என் கணவரும்கூட ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் 2021-ல் விண்ணப்பித்தான், மகள் 2023-ல். இரண்டு முறையும் நடந்ததை இங்கே எழுதுகிறேன். வீட்டுப் பணக் கணக்கையும் சேர்த்தே எழுதப் போகிறேன். அன்று யாராவது எங்களிடம் அப்படி மனம்விட்டுப் பேசியிருந்தால் எங்கள் வீட்டில் அந்த டிசம்பர் வேறு மாதிரி போயிருக்கும்.

நான் 1998-ல் கோயம்புத்தூரிலிருந்து அப்பாவோடு ரயிலேறி, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த கவுன்சிலிங்குக்குப் போனவள். கட்-ஆஃப் எவ்வளவு, ரேங்க் எவ்வளவு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போய் ஒரு கல்லூரியைச் சொன்னேன், கையில் ஆணையோடு வெளியே வந்தேன். ஃபீஸ் எவ்வளவு என்பதும் அன்றைக்கே தெரியும். அந்த முறையில் வளர்ந்த நமக்கு அமெரிக்கச் சேர்க்கை பிடிபடக் கொஞ்சம் நாளாகும். இங்கே கட்-ஆஃப் கிடையாது, ரேங்க் கிடையாது. ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் வருடத்துக்கு 80,000 டாலர் கட்டுவார், இன்னொருவர் 8,000 கட்டுவார். உங்கள் வீட்டுக்கு எது என்பது, கல்லூரி உங்கள் வருமானத்தையும் சொத்தையும் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் உறுதியாகத் தெரியும்.

முதலில் இந்த ஈ.டி.யின் விதிகள். ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போட முடியும். கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15, முடிவு டிசம்பர் நடுவில். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், மற்ற விண்ணப்பங்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். இதற்கு மாணவர், பெற்றோர், பள்ளிக் கவுன்சிலர் (கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் பள்ளி ஊழியர்) என மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பல கல்லூரிகளில் ஈ.டி. இரண்டு என்று ஒரு சுற்றும் உண்டு. அதற்கு ஜனவரி தொடக்கத்தில் விண்ணப்பித்தால் பிப்ரவரி நடுவில் முடிவு, நிபந்தனை அதேதான். எர்லி ஆக்‌ஷன் வேறு. அதிலும் முன்கூட்டியே போட்டு முன்கூட்டியே பதில் வாங்கலாம், ஆனால் சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கட்டாயம் இல்லை, ஆனால் அங்கே முன்கூட்டியே போட்டால் வேறு தனியார் கல்லூரிக்கு முன்கூட்டியே போடக்கூடாது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் எர்லி ஆக்‌ஷனுக்குத் தடை இல்லை. ரெகுலர் என்றால் ஜனவரி முதல் வாரத்தில் விண்ணப்பம், மார்ச் கடைசியில் முடிவு, மே 1-க்குள் எங்கே சேருவது என்று சொன்னால் போதும். கலிஃபோர்னியாவின் மாநிலப் பல்கலைக்கழகமான யூ.சி.யின் வளாகங்களில் இந்த எர்லி பேச்சே கிடையாது, எல்லோருக்கும் ஒரே கெடு.

எல்லோரும் ஏன் ஈ.டி. ஈ.டி. என்று பறக்கிறார்கள்? கல்லூரி வெளியிடும் எண்கள்தான் காரணம். ஈ.டி.யில் இடம் கிடைப்பவர்களின் விழுக்காடு ரெகுலரைவிட இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல் இருக்கும். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்றவை முதலாண்டு இடங்களில் பாதி அளவை ஈ.டி.யிலேயே நிரப்பிவிடுகின்றன. கல்லூரிக்கு இதில் பெரிய வசதி. கூப்பிட்டால் கட்டாயம் வருகிற பிள்ளைகள் இவர்கள். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு பணம் வரும் என்று டிசம்பரிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும். ஆவெரி, ஃபேர்பேங்க்ஸ், ஜெக்ஹவுசர் ஆகிய மூவர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, முன்கூட்டியே விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வில் சுமார் 100 மதிப்பெண் கூடுதலாக வாங்கியதற்குச் சமம் என்றது. ஆகவே பலன் இருப்பது உண்மை. ஆனால் அந்த விழுக்காட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். கல்லூரி விளையாட்டு அணிக்காக ஏற்கெனவே பேசி முடித்த பிள்ளைகளும், பெற்றோர் அங்கேயே படித்த பிள்ளைகளும் பெருமளவில் ஈ.டி.யில்தான் வருவார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம் பிள்ளைக்கு மிஞ்சும் கூடுதல் வாய்ப்பு, விளம்பரத்தில் தெரிவதைவிடக் குறைவு.

இந்த ஏற்பாடு வசதி உள்ளவர்களுக்கே சாதகம் என்ற குற்றச்சாட்டு பழையது. விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதவர்தான் ஒரே கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியும். அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் 2006-ல் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் தங்கள் எர்லி முறைகளையே நிறுத்துவதாக அறிவித்தன. மற்ற பெரிய கல்லூரிகளில் பெரும்பாலானவை பின்தொடரவில்லை. 2011-ல் இரண்டுமே கட்டாயம் இல்லாத எர்லி முறையோடு திரும்பி வந்துவிட்டன.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் மகனுக்குப் பென்சில்வேனியாவில் ஒரு தனியார் கல்லூரி மேல் ஆசை. நல்ல கல்லூரிதான், பெயர் வேண்டாம். ஜூலையில் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அந்தக் கல்லூரிச் சட்டையைக் கழற்றவே இல்லை. ஆகஸ்ட்டில் கல்லூரியின் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டரைப் போட்டுப் பார்த்தோம். நம் வருமானம், சொத்து, குடும்பத்தில் எத்தனை பேர் எல்லாம் கொடுத்தால், உதவித்தொகை போக உத்தேசமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று காட்டும் கருவி அது. 2011 முதல், மத்திய அரசின் கல்வி உதவித் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் இதை இணையத்தில் வைத்தாக வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்களுக்கு வருடத்துக்கு 37,000 டாலர் என்று காட்டியது. இரண்டு பேர் சம்பளத்தில், இழுத்துப் பிடித்தால் முடியும் என்று தோன்றியது. அக்டோபர் கடைசி வாரம் ஓர் இரவு, மகன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைக்கு எடுத்து வந்து, "அம்மா, இங்க நீங்க கையெழுத்துப் போடணும்" என்றான். போட்டேன்.

டிசம்பர் இரண்டாவது வாரம் முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். கோயம்புத்தூர் வடவள்ளியில் இருக்கும் மாமனார் மாமியாருக்கு அப்போதே வீடியோ கால் போட்டோம். அங்கே விடியற்காலை. அத்தை அழுதுவிட்டார்கள். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, உதவித்தொகைக் கடிதத்தை நானும் கணவரும் திறந்து பார்த்தோம். நாங்கள் கட்ட வேண்டிய தொகை, வருடத்துக்கு 54,000 டாலர்.

கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. நாங்கள் அதற்குக் கொடுத்த விவரம்தான் அரைகுறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், நம் குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

உதவித்தொகைக்கு இரண்டு படிவங்கள். ஃபாஃப்சா என்பது மத்திய அரசின் படிவம். சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்பது காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது, தனியார் கல்லூரிகள் பலவும் தங்கள் சொந்தப் பணத்தைப் பங்கிட இதைக் கேட்கும். இரண்டாவது படிவம் ரொம்பத் துருவும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஃபாஃப்சா கணக்கில் எடுப்பதில்லை, சிஎஸ்எஸ் கேட்கும். உலகத்தில் எந்த மூலையில் சொத்து இருந்தாலும் கேட்கும். வடவள்ளி வீடு என் கணவர் பெயரில் இருக்கிறது. அதில் அவருடைய அப்பா அம்மா குடியிருக்கிறார்கள். வாடகை ஒரு ரூபாய் வருவதில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. கால்குலேட்டரில் 'பிற சொத்துகள்' என்ற இடத்தில் நாங்கள் பூஜ்யம் போட்டிருந்தோம். மறைக்க வேண்டும் என்றில்லை, அந்த வீடு ஒரு 'சொத்து' என்று மனதில் தோன்றவே இல்லை. அது அப்பா வீடு. நவம்பரில் சிஎஸ்எஸ் படிவத்தில் 'வேறு நாட்டில்' என்ற வார்த்தையைப் பார்த்த பிறகு உண்மையை எழுதினோம். அன்றைய ரேட்டில் 1,60,000 டாலர். பெற்றோர் சொத்தில் வருடத்துக்குச் சுமார் 5 விழுக்காடு வரை படிப்புக்கு எடுக்க முடியும் என்று கல்லூரிகள் கணக்குப் போடுகின்றன. அந்த ஒரு வீடே எங்கள் பங்கில் 8,000 டாலரை ஏற்றிவிட்டது.

அடுத்தது எடிசன் வீடு. 2012-ல் வாங்கிய விலையைக் கால்குலேட்டரில் போட்டிருந்தோம், கல்லூரி 2021-ன் சந்தை விலையைப் பார்த்தது. மூன்றாவது, வருமானம். 2022-ல் சேரும் பிள்ளைக்கு 2020-ஆம் ஆண்டின் வருமான வரிக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் இப்போதைய மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கிப் போட்டிருந்தோம். 2020-ல் என் கணவருக்கு ஒரே ஒரு முறை ஒரு பெரிய போனஸ் வந்திருந்தது. அதை மறந்தே போயிருந்தோம்.

'மாணவரின் தேவையை நூறு விழுக்காடு ஈடுகட்டுவோம்' என்று பல கல்லூரிகள் எழுதியிருக்கும். சொன்னதைச் செய்யவும் செய்வார்கள். தேவை எவ்வளவு என்று முடிவு செய்வது அவர்களுடைய கணக்கு. மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம், மாமனாரின் இதய சிகிச்சைக்குக் கொடுத்தது இதெல்லாம் அந்தக் கணக்கில் தானாக வராது. தனியாகக் கடிதம் எழுதித்தான் சொல்ல வேண்டும்.

எழுதினோம். வீட்டில் பெரியவர்கள் குடியிருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம், போனஸ் ஒருமுறைதான் என்பதற்குக் கம்பெனிக் கடிதம், மருத்துவமனை ரசீதுகள். மறுபரிசீலனையில் 48,000-க்கு இறங்கினார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் நாங்கள் நினைத்திருந்ததைவிட வருடத்துக்கு 11,000 அதிகம், நான்கு வருடத்துக்கு 44,000. இரண்டு வருடம் கழித்து மகள் வேறு நிற்பாள்.

என் கணவர் கடன் வாங்கலாம் என்றார். "படிப்புக்குப் போய் யாராவது கணக்குப் பார்ப்பாங்களா?" என்று கேட்டார். அவரை இன்ஜினியரிங் சேர்க்க அத்தை தன் நகைகளை அடகு வைத்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு மகனிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அது புரிந்தது. ஆனால் கணக்கும் புரிந்தது. மாணவர் பெயரில் அரசு தரும் கடன் முதல் வருடம் 5,500 டாலர்தான், நான்கு வருடமும் சேர்த்து 27,000. அதற்கு மேல் வேண்டுமென்றால் பேரன்ட் பிளஸ் என்று பெற்றோர் பெயரில் கடன். அப்போது கல்லூரிச் செலவு எவ்வளவோ அவ்வளவு வரை வாங்கலாம் என்று இருந்தது, அதுதான் ஆபத்தும். 2025-ல் வந்த சட்டப்படி 2026 ஜூலை முதல் அதற்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 என்று வரம்பு. இனிமேல் 'பார்த்துக்கலாம், கடன் இருக்கே' என்று ஈ.டி. போடுகிறவர்களுக்கு அந்த வழியும் குறுகிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு மகனை உட்கார வைத்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "இவ்வளவு ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா அம்மா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டான்.

ஈ.டி.யில் இருந்து வெளியே வர, பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்றே ஒன்றுதான். கிடைத்த உதவித்தொகையில் குடும்பத்தால் கட்ட முடியவில்லை என்பது. இது கோர்ட்டுக்குப் போகிற விஷயம் இல்லை என்றாலும் சும்மா விட்டுவிட்டு வரக்கூடாது. பள்ளிக் கவுன்சிலரின் கையெழுத்தும் அதில் இருக்கிறது. ஒரு பிள்ளை வார்த்தை தவறினால் அடுத்த வருடம் அதே பள்ளியிலிருந்து போகும் பிள்ளைகளையும் அந்தக் கல்லூரி சந்தேகத்தோடு பார்க்கும். முறைப்படி கேட்டோம். டிசம்பர் 29-ஆம் தேதி விடுவித்துக் கடிதம் கொடுத்தார்கள். ரெகுலர் கெடு பெரும்பாலான இடங்களில் ஜனவரி 1 முதல் 5 வரை. ஈ.டி. கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வேறு எந்தக் கல்லூரிக்கும் அவன் கட்டுரை எழுதி வைத்திருக்கவில்லை. அந்த ஒரு வாரம் அவன் தூங்கியது குறைவு. நான்கு விண்ணப்பம் அனுப்பினான். மனம் இல்லாமல் எழுதிய கட்டுரைகள் என்று எனக்கே தெரிந்தது. நான்கில் ஒன்றுகூட வரவில்லை.

எங்களைக் காப்பாற்றியது எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ். பள்ளிக் கவுன்சிலர் நவம்பர் 1-க்குள் ரட்கர்ஸுக்கு எர்லி ஆக்‌ஷன் போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். ஈ.டி. போட்டவரும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு எர்லி ஆக்‌ஷன் போடலாம், பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. பிப்ரவரியில் பதில் வந்தது. மாநிலவாசிக் கட்டணம் அந்த ஆண்டு சுமார் 16,000 டாலர். விடுதியும் சாப்பாடும் சேர்த்தாலும் நாங்கள் முதலில் நினைத்த 37,000-க்குள் அடங்கியது. அவன் அங்கே படித்தான், நல்ல நண்பர்கள், நல்ல ஆசிரியர்கள். ஆனாலும் அந்தப் பென்சில்வேனியாக் கல்லூரிச் சட்டையை அதன் பிறகு அவன் போட்டு நான் பார்க்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஈ.டி.யே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் அபார்ட்மென்ட் காலத்துத் தோழி ஒருத்தியின் மகளுக்கு ஈ.டி. போலச் சரியான வழி வேறு இருந்திருக்காது. தோழியின் கணவருக்கு மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் வேலை, தோழிக்குப் பள்ளி உணவுக்கூடத்தில் பகுதி நேர வேலை. சொத்து என்று ஊரிலும் ஒன்றும் இல்லை, இங்கேயும் ஒன்றும் இல்லை. கடன் இல்லாமல் முழுத் தேவையையும் ஈடுகட்டும் சிறிய கல்லூரிகள் மூன்றை எடுத்து, மூன்றின் கால்குலேட்டரையும் போட்டார்கள். மூன்றுமே வருடத்துக்கு ஐயாயிரத்துக்குக் கீழே காட்டின. கணக்கில் சிக்கல் ஏதும் இல்லாத குடும்பம், அதனால் அந்த எண்ணை நம்பலாம். மகளுக்கு மூன்றில் ஒன்று ரொம்பப் பிடித்திருந்தது. அங்கே ஈ.டி. போட்டாள், கிடைத்தது, கால்குலேட்டர் சொன்ன தொகைக்கு அருகிலேயே வந்தது. நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் என்று திணறுவது எங்களைப் போன்ற நடுவில் உள்ளவர்கள்தான். பணம் பொருட்டே இல்லாதவர்களுக்கும், பணமே இல்லாமல் முழு உதவி கிடைக்கிறவர்களுக்கும் ஈ.டி. பொருந்தும். இரண்டு சம்பளம், ஒரு வீட்டுக் கடன், ஊரில் ஒரு வீடு, பின்னால் இன்னொரு பிள்ளை என்று இருப்பவர்கள் கையெழுத்துக்கு முன் பத்து முறை பார்க்க வேண்டும்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு 2019-ல் கிரீன் கார்டு வந்துவிட்டது. இன்னும் வரிசையில் இருப்பவர்களின் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருப்பார்கள். இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் அவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வைக்கின்றன, உதவி கேட்பதே இடம் கிடைப்பதைப் பாதிக்கலாம். வெளிநாட்டவர் என்றாலும் பணத்தைப் பார்க்காமல் இடம் தந்து, தேவையையும் ஈடுகட்டும் கல்லூரிகள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் என்று சிலவே. ஆகவே எச்-4 பிள்ளைக்கு ஈ.டி. போடும் முன் அந்தக் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, 'எங்கள் பிள்ளையை எந்தப் பிரிவில் வைப்பீர்கள்' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் சொல்வதை நம்ப வேண்டாம்.

2023-ல் மகள் முறை. அவளுக்கும் ஓர் ஆசைக் கல்லூரி இருந்தது, மாசசூசெட்ஸில். இந்த முறை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே நான்கு பேரும் உட்கார்ந்தோம். மகனும் இருந்தான், அவன் இருக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, எடிசன் வீட்டின் சந்தை விலை, வடவள்ளி வீட்டு மதிப்பு எல்லாவற்றையும் மேசையில் வைத்தோம். வருடத்துக்கு 36,000 வரை அப்பா அம்மாவால் முடியும் என்று எண்ணையே சொன்னோம். பதினேழு வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்வது எளிதல்ல. நம் வீடுகளில் சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் ஆசை வளர்ந்த பிறகு டிசம்பரில் சொல்வதைவிட ஆகஸ்ட்டில் சொல்வது பிள்ளைக்கு நாம் செய்யும் நியாயம் என்று இப்போது நினைக்கிறேன்.

அவள் ஆசைக் கல்லூரியின் கால்குலேட்டர் 45,000 காட்டியது. அழுதாள். மறுநாள் அவளே வந்து, "ஈ.டி. வேண்டாம், ரெகுலர்ல போடறேன். கொடுத்தா கொடுக்கட்டும்" என்றாள்.

பெரும்பாலான கல்லூரிகள் காமன் டேட்டா செட் என்று ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி21 என்ற பகுதியில் ஈ.டி.யில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இருக்கும். எச்2 பகுதியில் உதவி பெற்றவர்களில் எத்தனை பேருக்குத் தேவை முழுதாக ஈடுகட்டப்பட்டது, எச்2ஏ பகுதியில் வருமானம் பார்க்காமல் தகுதிக்கு எத்தனை பேருக்கு உதவித்தொகை கிடைத்தது என்று இருக்கும். மகளும் மகனும் சேர்ந்து இதை ஒரு எக்செல் தாளில் போட்டார்கள். தகுதி உதவித்தொகை தாராளமாகத் தரும் கல்லூரிகள் அதில்தான் கண்ணில் பட்டன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் அடங்கிய ஐவி லீக் கல்லூரிகள் எட்டிலும் தகுதி உதவித்தொகை கிடையாது, அங்கே தேவைக்கு மட்டும்தான்.

ரட்கர்ஸுக்கும் இன்னும் மூன்று இடங்களுக்கும் எர்லி ஆக்‌ஷன் போட்டாள். இரண்டில் கிடைத்தது, ஒன்றில் இல்லை என்றார்கள், ஒன்றில் 'டிஃபர்', அதாவது ரெகுலரோடு சேர்த்து மறுபடி பார்க்கிறோம் என்றார்கள். கையில் ரட்கர்ஸ் இடம் உறுதியானதும் வீட்டில் மூச்சு சீரானது. ரெகுலர் கட்டுரைகளை நவம்பர் கடைசிக்குள்ளேயே முடித்திருந்தாள். அண்ணன் விடவில்லை.

அந்த வருடம் இன்னொரு சோதனை. வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும் ஃபாஃப்சா, புதிய படிவம் என்று சொல்லி 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அதுவும் விட்டுவிட்டுத்தான் வேலை செய்தது. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போகவே மார்ச் ஆகிவிட்டது. பல கல்லூரிகள் மே 1 கெடுவை மே 15, ஜூன் 1 என்று தள்ளி வைத்தன. புதிய கணக்கில், ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் கிடைத்து வந்த சலுகையையும் எடுத்துவிட்டார்கள். சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகளில் பல இன்னும் அதைப் பார்ப்பது எங்களுக்குக் கொஞ்சம் உதவியது.

ஏப்ரலில் ஆசைக் கல்லூரி இடம் கொடுத்தது. விலை 46,000. நியூயார்க் மாநிலத்தில் இன்னொரு தனியார் கல்லூரி, ஆய்வகங்களுக்குப் பெயர் பெற்றது, தகுதி உதவித்தொகை போக 35,000. இரண்டாவது கடிதத்தின் நகலோடு முதல் கல்லூரிக்கு எழுதினோம், அண்ணனும் கல்லூரியில் இருக்கிறான் என்பதையும் சேர்த்து. 39,000-க்கு இறங்கினார்கள். மகனுக்கு மறுபரிசீலனை கேட்டபோது எங்கள் கையில் காட்ட வேறு கடிதம் இல்லை. ஒரே இடத்தில் கட்டுப்பட்டு நின்று கேட்பதற்கும், இன்னொரு இடம் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு பிள்ளைகளிடமும் நேரில் பார்த்துவிட்டேன்.

ஆனால் கடைசியில் முடிவைப் பணம் மட்டும் செய்யவில்லை. ஏப்ரல் நடுவில் இரண்டு கல்லூரிகளுக்கும் கூட்டிப் போனோம். நியூயார்க் கல்லூரியில் ஒரு பேராசிரியர் ஏரி நீரில் பாசி வளர்வதைப் பற்றி அவளோடு முக்கால் மணி நேரம் பேசினார். வண்டியில் ஏறியதும், "எனக்கு இங்கதான் வேணும்" என்றாள். அக்டோபரில் கேட்டிருந்தால் இந்தக் கல்லூரியை ஐந்தாவது இடத்தில்தான் வைத்திருப்பாள். பதினேழு வயதில் ஆறு மாதத்தில் பிள்ளைகள் நிறைய மாறுகிறார்கள். ரெகுலர் கொடுக்கும் அந்த அவகாசத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மே 14 இரவு முன்பணம் கட்டினோம்.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆகஸ்ட் ஆனால் யாராவது கூப்பிடுகிறார்கள். போன வாரமும் எட்டு மணிக்கு ஒரு போன். கோவில் பழக்கம். பெண்ணுக்கு ஒரே ஒரு காலேஜ்தான் மனசில் இருக்கிறதாம், ஈ.டி. போட்டுவிடலாமா என்று கேட்டார். அவருக்குத் திருப்பூரில் அப்பா வழியில் வந்த வீடு ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். "சனிக்கிழமை பொண்ணையும் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க, சேர்ந்து கால்குலேட்டர் போட்டுப் பார்ப்போம்" என்றேன். "வரும்போது போன ரெண்டு வருஷ டேக்ஸ் பேப்பரையும், திருப்பூர் வீட்டு வரி ரசீதையும் மறக்காம எடுத்துட்டு வந்துருங்க."